"சுகம்தான் ஐயா" என்ற விடைக்குப் பின்னால்



2020ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. ஆலயக் கதவு பூட்டப்பட்டு ஏழு வாரங்கள் கடந்திருந்தன. மும்பையிலுள்ள எங்கள் சிறிய சபையின் குடும்பங்களை நாள்தோறும் மாலையில் தொலைபேசி வழியாக நலம் விசாரிப்பதை நான் வழக்கமாகக் கொண்டிருந்தேன். அன்று அடுத்தடுத்து இரண்டு வீடுகளுக்குப் பேசினேன்.

முதல் வீடு பவாய்ப் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினான்காவது மாடியில் இருக்கிறது. கணவன், மனைவி இருவரும் கணினி நிறுவனங்களில் பணிபுரிகிறவர்கள். வேலை வீட்டிலிருந்தே நடந்தது. சம்பளமும் தவறாமல் வங்கிக்கு வந்துகொண்டிருந்தது. "சுகமாயிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "சுகமே இல்லை பாஸ்டர்" என்றார் அந்தச் சகோதரர். தொண்டையில் இலேசான கரகரப்பு, இரவில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றார். ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி நாளுக்கு மூன்றுமுறை பார்ப்பதாகவும், மருத்துவரிடம் காணொளியில் இருமுறை பேசியதாகவும் கூறினார்.

இரண்டாவது வீடு தாராவியில். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்து பேர். குடும்பத் தலைவர் திருநெல்வேலிப் பக்கத்தவர். ஐம்பது வயதைக் கடந்தவர். சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டி விற்றுவந்தவர். ஊரடங்கு தொடங்கிய நாள் முதல் சைக்கிள் சுவரோரம் நின்றது. அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "ஆண்டவர் கிருபையால் சுகம்தான் ஐயா. நீங்கள் சுகமாயிருக்கிறீர்களா? அம்மா எப்படி இருக்கிறார்கள்?" என்று என் குடும்பத்தையே திருப்பி விசாரித்தார்.

என் குறிப்பேட்டில் முதல் பெயருக்கு எதிரே, 'விசேஷமாக ஜெபிக்க வேண்டும். மறுபடியும் பேச வேண்டும்' என்று எழுதினேன். இரண்டாவது பெயருக்கு எதிரே ஒரே வார்த்தை எழுதினேன்: 'சுகம்.'

அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய பிழை என்பதை ஆறு வாரங்களுக்குப் பிறகே அறிந்துகொண்டேன். அதை வாசகர்களிடம் மறைக்காமல் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சிறு கேள்வி, பெரிய கேள்வி

"சுகமா?" என்பது நம் தமிழ் மக்கள் வாசற்படியில் நின்று கேட்கும் கேள்வி. மருத்துவ ஆய்வாளர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். "பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? மிக நன்று, நன்று, சுமார், மோசம், இவற்றில் எது?" என்று கேட்டு, சொல்லும் விடையைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒருவர் தம் உடல்நலத்தைத் தாமே மதிப்பிடுவது இது. இரத்தப் பரிசோதனையும் இல்லை, எக்ஸ்ரே படமும் இல்லை.

இப்படிப்பட்ட ஒரு கேள்வியால் என்ன பயன் என்று தோன்றலாம். எல்லன் ஐட்லர், யேல் பென்யாமினி என்னும் இரு ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த 27 ஆய்வுகளைத் தொகுத்து 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தங்கள் உடல்நலம் மோசம் என்று தாங்களே சொன்னவர்கள், நன்று என்று சொன்னவர்களைவிட முன்னதாக மரிக்கும் சாத்தியம் அதிகம் என்பது அவற்றில் ஏறக்குறைய எல்லா ஆய்வுகளிலும் தெரிந்தது. வயது, ஏற்கெனவே உள்ள வியாதிகள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு பெரும்பாலும் நிலைத்தது. மருத்துவர் காணாத ஏதோ ஒன்றை மனிதன் தன் சரீரத்தைக் குறித்து அறிந்திருக்கிறான் என்பது இதன் பொருள்.

அப்படியானால் தாராவிச் சகோதரர் சொன்ன "சுகம்" என்ற விடையை நான் நம்பியது சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் நாம் சற்று நின்று கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது.

கேரளமும் பீகாரும்

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 2002இல் ஒரு மருத்துவ இதழில் எழுதிய சிறு கட்டுரையில் வினோதமான ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். நம் நாட்டில் மக்கள் நீண்ட ஆயுளோடு வாழும் மாநிலம் கேரளம். ஆனால் "உங்களுக்கு வியாதி உண்டா?" என்று வீடுவீடாகக் கேட்டால், "உண்டு" என்று மிக அதிகமானோர் சொல்வதும் கேரளத்தில்தான். பீகாரிலோ ஆயுள் குறைவு. மருத்துவ வசதியும் குறைவு. ஆனாலும் வியாதி உண்டென்று சொல்கிறவர்கள் மிகக் குறைவு. வாயால் சொன்னதை மட்டும் நம்பினால், பீகார் ஆரோக்கியமான மாநிலம் என்றும் கேரளம் நோயாளி மாநிலம் என்றும் முடிவுகட்ட நேரிடும்!

இந்த நிலை பின்னரும் தொடர்ந்தது. 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றில், கடந்த பதினைந்து நாட்களில் உங்களுக்கு நோய் ஏதும் இருந்ததா என்று கேட்கப்பட்டது. உண்டு என்றவர்கள் கிராமங்களில் நூற்றுக்கு 6.8 பேர், நகரங்களில் 9.1 பேர். அதிகம் செலவு செய்ய வசதியுள்ள குடும்பங்களில் நோய் உண்டென்று சொன்னவர்கள் அதிகம். வறிய குடும்பங்களில் குறைவு. கேரளத்தில் முதியோர் அதிகம் என்பது ஒரு காரணம். ஆனால் அதுவே முழுக் காரணமாகாது.

வியாதி என்று ஒன்றைப் பெயரிட்டுச் சொல்வதற்கு மூன்று காரியங்கள் வேண்டும். முதலாவது, அது வியாதி என்கிற அறிவு. மூன்று மாதமாக இருமுகிறவர்கள் நிறைந்த சந்தில் இருமல் வியாதியாகத் தோன்றாது. அது பருவக்காற்றைப்போல வந்துபோகும் ஒன்றாகிவிடும். இரண்டாவது, அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு மருத்துவர். இரத்த அழுத்தத்தை அளந்து பாராதவனுக்கு இரத்த அழுத்தம் இல்லை. அவன் திடீரென்று விழும் நாளில்தான் அது வெளியாகும். மூன்றாவது, வியாதிக்காரனாய் இருக்கப் பணம். கூலிக்காரன் தன்னை நோயாளி என்று ஒப்புக்கொண்டால், அன்றைய கூலியை இழப்பதாகவும் மருந்துக்கடைக்குச் செலவு செய்வதாகவும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறான். அரசாங்கத்தின் தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2013-14இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் நூற்றுக்கு 64.2 பங்கை மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். 2021-22இல் அது 39.4ஆகக் குறைந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் கையில் ஒன்றுமில்லாதவனுக்கு அந்த 39ம் மலைபோன்றதே.

ஆகவே ஏழையின் "சுகம்" என்ற சொல்லில் அவனுடைய சரீரத்தின் நிலை மட்டுமல்ல, அவனுடைய பையின் நிலையும் கலந்திருக்கிறது.

தாழ்ந்த படியில் நிற்பவன்

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. "நோய் உண்டா?" என்ற கேள்வியை விட்டுவிட்டு நோயையும் மரணத்தையுமே எண்ணிப் பார்த்தால், ஏற்றத்தாழ்வு செய்யும் வேலை தெளிவாகத் தெரியும்.

இங்கிலாந்தில் அரசு ஊழியர்களைக் குறித்து 1967இல் தொடங்கிய ஓர் ஆய்வு, லண்டனில் அரசு அலுவலகங்கள் நிறைந்த வைட்ஹால் என்னும் தெருவின் பெயரால் அழைக்கப்படுகிறது. மைக்கேல் மார்மட் என்னும் மருத்துவ அறிஞர் அதன் முடிவுகளை உலகறியச் செய்தார். மிகக் கீழ்நிலைப் பணியிலிருந்தவர்களின் மரண விகிதம், மிக உயர்ந்த பதவியிலிருந்தவர்களுடையதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு! இவர்களில் ஒருவரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். படிப்படியாக மேலே போகப்போக ஆரோக்கியம் கூடியது. கீழே வரவரக் குறைந்தது. வறுமை மட்டுமின்றி, அடுத்தவனுக்குக் கீழே, தன் நேரத்தின்மேலும் வேலையின்மேலும் அதிகாரமில்லாமல் நிற்கும் நிலையே சரீரத்தை அரிக்கிறது என்று மார்மட் விளக்கினார்.

கொள்ளைநோய் வந்தபோது அந்தப் படிக்கட்டு செங்குத்தாயிற்று. 2020ஆம் ஆண்டின் முதல் அலையில், இங்கிலாந்தின் மிக வறிய பகுதிகளில் கொரோனாவால் மரித்தோரின் விகிதம், மிக வசதியான பகுதிகளில் இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேலாக இருந்தது என்று அந்நாட்டின் புள்ளிவிவர அலுவலகமே அறிவித்தது.

நம் மும்பைப் பட்டணத்துக்கும் இது புதிதல்ல. 1918இல் உலகை உலுக்கிய இன்புளுவென்சா கொள்ளைநோய் அன்றைய பம்பாய் நகரைத் தாக்கியபோது, ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 8 பேர் மடிந்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த இந்துக்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 61 பேர் மடிந்தார்கள். காற்று ஒன்று, கிருமி ஒன்று. குடியிருப்பும் உணவும் வேறு.

ஒரே பட்டணம், இரண்டு கணக்குகள்

2020 ஜூலையில் மும்பை மாநகராட்சியும், நிதி ஆயோக்கும், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தஹிசர் ஆகிய மூன்று வட்டங்களில் ஏறக்குறைய 7,000 பேரின் இரத்தத்தைச் சோதித்தன. குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்குக் கொரோனா தொற்றிச் சென்றதன் அடையாளம் இருந்தது. மற்றக் குடியிருப்புகளில் நூற்றுக்கு 16 பேருக்கே இருந்தது. அந்த மாத முடிவில் நகர் முழுவதிலும் நோயாளிகளாகப் பதிவுபெற்றவர்களோ ஒரு லட்சத்துக்குச் சற்றே அதிகம்! குடிசைகளில் தொற்றுக்குள்ளானவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அவர்களில் பலருக்கு அறிகுறியே இல்லாதிருக்கலாம். ஆனால் காய்ச்சல் வந்தும் சொல்லாமல் இருந்தவர்களை நான் நேரில் அறிவேன்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் சந்து முழுவதும் அடைக்கப்படும். குடும்பத்தையே தனிமை முகாமுக்கு அழைத்துச் செல்வார்கள். அண்டைவீட்டார் குழாயடியில் நிற்கவிடமாட்டார்கள். வீட்டுக்காரர் அறையைக் காலிசெய்யச் சொல்வார். திரும்பி வரும்போது வேலை இருக்குமோ இராதோ! பவாய்ச் சகோதரருக்கு "எனக்குச் சுகமில்லை" என்று சொல்வதால் இழப்பு எதுவும் இல்லை. தாராவிச் சகோதரருக்கோ அந்த ஒரு சொல்லால் எல்லாமே போய்விடக்கூடும்.

குடிசைப் பகுதிகளில் தொற்றியவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுகையில் மரித்தவர்கள் குறைவு என்று பின்னர் கணக்கிடப்பட்டது. அங்கே இளவயதினர் அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் அதைக் கேட்டவர்களில் சிலர், "உழைக்கிற சரீரத்துக்கு ஒன்றும் வராது, ஏழைகளுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம்" என்று பேசத்தொடங்கினார்கள். சில பிரசங்கங்களிலும் இதைக் கேட்டேன். அது ஏழைக்குச் செய்யும் புகழ்ச்சிபோலத் தோன்றும்; உண்மையில் அவனுக்கு மருத்துவர் வேண்டியதில்லை என்று சொல்வதற்குச் சமம்.

கிருமியைவிட வருமான இழப்பே பலருடைய சரீரத்தை முதலில் தாக்கியது. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை, நாள் ஒன்றுக்கு 375 ரூபாய் என்னும் குறைந்தபட்சக் கூலியை அளவுகோலாகக் கொண்ட வறுமைக்கோட்டின்கீழ், கொள்ளைநோய்க் காலத்தில் மேலும் 23 கோடிப் பேர் தள்ளப்பட்டதாகக் கணக்கிட்டது. 2020 மே 1 முதல் ஓடிய சிறப்பு இரயில்களில் மட்டும் 60 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பட்டணங்களைவிட்டு ஊர் திரும்பினார்கள். வாடகையை எண்ணித் தூக்கமிழந்தவரின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் ஒருவேளை உணவோடு நிறுத்திக்கொண்டாள். இவர்களைக் கேட்டால் "களைப்பு" என்பார்களே தவிர, வியாதி என்று சொல்லமாட்டார்கள்.

கேட்பதோடு நில்லாமல் அளந்து பார்த்தவர்கள்

தாராவியில் முதல் நோயாளி 2020 ஏப்ரல் 1 அன்று கண்டறியப்பட்டார். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான இடத்தில் பல லட்சம் பேர் நெருங்கி வாழும் பகுதி. பெரும்பான்மையோர் பொதுக் கழிப்பறைகளையே நம்பியிருப்பவர்கள். பேரழிவு வரும் என்று எல்லாரும் அஞ்சினார்கள். ஆனால் மாநகராட்சி ஊழியர்களும் அப்பகுதியின் தனியார் மருத்துவர்களும், நோயாளி தாமாக வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. சந்து சந்தாகக் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள். வாசலில் நின்று வெப்பநிலையையும் ஆக்ஸிஜன் அளவையும் பார்த்தார்கள். 2020 ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். மக்கள் சொன்ன "சுகம்" என்ற விடையோடு அந்த ஊழியர்கள் நிறுத்திக்கொள்ளாததே அங்கே பலரைக் காப்பாற்றியது.

எங்கள் இட்லிக்காரச் சகோதரரின் வாசலுக்கும் அவர்கள் வந்தார்கள். காய்ச்சல் இல்லை, ஆக்ஸிஜன் அளவும் சரியாக இருந்தது. அவர்கள் தேடிவந்த நோய் அவருக்கு இல்லை. அவருக்கு இருந்தது சர்க்கரை நோய்.

ஓர் அரசு மருத்துவமனையில் மாதந்தோறும் இலவசமாக மாத்திரை வாங்கிவந்தவர் அவர். மார்ச் மாதத்தில் உள்ளூர் இரயில்கள் நின்றன. அந்த மருத்துவமனையின் வழக்கமான வெளிநோயாளிப் பிரிவும் சுருங்கிவிட்டது. கையிலிருந்த மாத்திரைகளை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டார். மே மாதத்தில் அதுவும் தீர்ந்தது. கடையில் வாங்கியிருக்கலாமே என்றால், அந்தப் பணத்துக்கு அரிசி வாங்கினார். பொதுக் கழிப்பறைக்குப் போகும் வழியில் உள்ளங்காலில் தகரம் கிழித்தது. நாட்பட்ட சர்க்கரை நோயில் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும் என்பதை நம்மில் பலர் அறிவோம். அவருக்கு வலிக்கவேயில்லை. "சுகம்தான் ஐயா" என்று அவர் சொன்னபோது அதில் பாதி உண்மை. அவரால் உணர முடிந்த அளவு உண்மை.

ஜூன் மாத இறுதியில் அவருடைய மகன் பேசினான். "அப்பா கால் கறுத்துப்போச்சு, பாஸ்டர் ஐயா. வாடை வருது." மருத்துவமனையில் மூன்று விரல்களை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் கடந்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க நேர்ந்திருக்கும் என்றார் மருத்துவர்.

நம்முடைய பங்கு

வீடு திரும்பிய பின் அவரைப் பார்க்கச் சென்றேன். "தினந்தோறும் கேட்டேனே, ஏன் சொல்லவில்லை?" என்றேன். சற்றுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஐயா, நீங்கள் அந்த மாதமெல்லாம் தொண்ணூற்றோராம் சங்கீதத்தைத்தானே செல்போனில் பிரசங்கித்தீர்கள்? விசுவாசிக்கிற வீட்டுக்குள் வாதை வராது என்றீர்கள். எனக்கு வந்துவிட்டது என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்?"

அந்தச் சொல் என் இருதயத்தில் தைத்தது. வேதாகமக் கல்லூரியில் எங்களுக்குப் பிரசங்கக்கலையைக் கற்பித்தார்கள். வீடு சந்திக்கும் முறையையும் கற்பித்தார்கள். ஆனால் என் பிரசங்கமே ஒரு ஏழையின் வாயை அடைக்கக்கூடும் என்பதை, இருபத்தைந்து வருட ஊழியத்துக்குப் பிறகு அந்தத் தாராவி அறையில்தான் கற்றேன். நம் சபைகளில் "சுகம்" என்பது ஒரு சாட்சி. அது நல்லதுதான். ஆனால் சுகமில்லை என்று சொல்வது அவிசுவாசத்தின் அடையாளமாகிவிட்டால், மருத்துவர், விடுமுறை, காப்பீடு எதுவுமில்லாதவரே அதன் விலையைச் செலுத்துகிறார். வசதியுள்ளவர் சாட்சியும் சொல்வார், மருத்துவரையும் பார்ப்பார்.

சூனேம் ஊராளின் சரித்திரத்தை நாம் அறிவோம். மடியில் மரித்த பிள்ளையைப் படுக்கையில் கிடத்திவிட்டு அவள் தீர்க்கதரிசியைத் தேடிப் புறப்பட்டாள். வழியில் எலிசாவின் வேலைக்காரன் எதிர்கொண்டுபோய் அவளுடைய நலத்தையும், கணவனின் நலத்தையும், பிள்ளையின் நலத்தையும் விசாரித்தான். எல்லாரும் நலமே என்பதுபோல அவள் ஒரே வார்த்தையில் விடை சொன்னாள். அவள் ஏழையல்ல, ஊரில் மதிப்புள்ள குடும்பத்தாள். அவளே தன் துக்கத்தை இப்படி மூடினாளென்றால், அடுத்தவேளைக்கு வழியில்லாதவர் எவ்வளவு மூடுவார்! ஆனால் எலிசா அந்த விடையோடு நின்றுவிடவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்து, உள்ளே கசப்பு இருப்பதை உணர்ந்தான். எழுந்து அவளோடேகூட அவள் வீட்டுக்கே போனான். அந்தப் பிள்ளை எழுந்தது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது கேள்வி

அந்த ஜூலை மாதம் முதல் எங்கள் சபையில் ஒரு பழக்கத்தைத் தொடங்கினோம். "சுகமா?" என்று கேட்டு, "சுகம்" என்ற விடை வந்தபின் இரண்டாவது கேள்வியைக் கேட்பது என்பதே அது. வேறு பட்டணங்களிலுள்ள சபைகளும் குடும்பங்களும் இதைக் கைக்கொள்ளலாம்.

"நேற்று என்ன சமைத்தீர்கள்?" "மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது?" "இரவு எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்?" "கடைசியாக எப்போது சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்தீர்கள்?" "இந்த மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது?" ஒருவர் பொதுவாகச் சுகமென்று சொல்லிவிடலாம், "மாத்திரை எத்தனை நாளைக்கு?" என்ற கேள்விக்கு எண்ணைத்தான் சொல்லவேண்டும். பெண்களிடம் பெண்களே கேட்கும்படி சகோதரிகள் இருவரை நியமித்தோம். கேட்பவர் தனியே கேட்கவேண்டும். எல்லார் முன்னிலையிலும் ஜெப விண்ணப்பமாக அதை வாசிக்கலாகாது.

பவாய்ச் சகோதரரை இங்கே நினைவுகூர வேண்டும். அவருடைய பயத்தை நான் பரிகசிக்கவில்லை. தூக்கமில்லாத அவருடைய இரவுகளும் உண்மையே. நடந்ததை அவரிடம் சொன்னபோது கண்கலங்கினார். "என் தொண்டைக் கரகரப்புக்கு நீங்கள் நான்குமுறை பேசினீர்களே பாஸ்டர்" என்றார். அடுத்த வாரம் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றும் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். அவருடைய மனைவி மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் அமர்ந்து, ஒவ்வொருவருக்கும் பார்த்து ஏட்டில் எழுதுகிறார். இரண்டாவது மாதத்திலேயே, தமக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவந்த நான்கு பேருக்கு இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருப்பது தெரிந்தது.

ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் அறிந்திருக்கவேண்டிய சில காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் பட்டறையிலோ கடையிலோ பணியாற்றுகிறவர்கள், தங்கள் பெயர் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டறியுங்கள். அதில் சேர்வதற்கான சம்பள வரம்பு 2017 ஜனவரியில் மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நோயுற்ற நாட்களுக்கு ஒரு பங்கு சம்பளமும் அதில் கிடைக்கும். 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனுக்குள் எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. ஊரில் முன்னுரிமை அட்டை வைத்திருப்பவர்கள் தங்கியிருக்கும் பட்டணத்திலேயே தானியம் பெறலாம். 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவும். 2024 அக்டோபர் முதல் எழுபது வயது நிறைந்த எவரும், வருமானம் எதுவாயினும், அதில் சேரலாம். ஆனால் அன்றாட மாத்திரைச் செலவை அது தீர்க்காது. அதற்கு மக்கள் மருந்தகங்கள் உண்டு; சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் அங்கே மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். இவற்றுக்கான படிவங்களை நிரப்பிக் கொடுப்பது வாலிபர் ஐக்கியத்தின் ஊழியமாகட்டும்.

ஆகாரமும் வஸ்திரமும் இல்லாதவனுக்கு வெறும் வாழ்த்தைச் சொல்லி அனுப்புவதால் பயனில்லை என்று அப்போஸ்தலனாகிய யாக்கோபு நம்மைக் கடிந்துகொள்கிறார். வெறும் விசாரிப்பும் அப்படியே. கொள்ளைநோய் கடந்துபோயிற்று. 2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்ததென்று அறிவித்தது. ஆனால் பதினான்காவது மாடியும் பத்தடி அறையும் அப்படியே இருக்கின்றன. அடுத்த வாதை வரும்போதும், அதற்கு முன்னான ஒவ்வொரு சாதாரண நாளிலும், ஒரே கேள்விக்கு அந்த இரண்டு வீடுகளிலிருந்தும் இரண்டு விதமான விடைகளே வரும்.

இட்லிக்காரச் சகோதரர் இப்போது சைக்கிளில் போவதில்லை. சந்து முனையில் அமர்ந்து விற்கிறார். மகன் பாத்திரம் தூக்குகிறான். சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, வழக்கம்போல "சுகமா?" என்றேன். சிரித்தார். "சர்க்கரை நூற்று நாற்பது ஐயா. மாத்திரை பதினோரு நாளைக்கு இருக்கிறது. இடது காலில் சின்னதாய் ஒரு கொப்புளம். நாளைக்குக் காட்டப்போகிறேன்" என்றார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்து, "நீங்கள் கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள், ஐயா?" என்று கேட்டார். நான் பார்த்து ஐந்து மாதமாயிற்று. அன்று ஏட்டில் அவருடைய பெயருக்குக் கீழே என் பெயரும் எழுதப்பட்டது.